கரியால் வரையும் உருவம் ஏன் சாம்பல் பூத்துப்போகிறது?

கேள்வி: திருகோணமலையில் வசிக்கிறேன். கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களையும் வீட்டில் அம்மம்மாவையும் கரியால் வரைந்து பழகுகிறேன். அளவுகள் பிசகுவதில்லை, ஆயினும் படம் முழுவதும் ஒரே சாம்பலாகி உணர்ச்சியற்றுக் கிடக்கிறது. இன்னும் கறுப்பான கரி வாங்க வேண்டுமா?

பதில்: கரியை மாற்றுவதற்கு முன், விரலால் தேய்ப்பதை நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் கரித்தூளைத் தாளின் இழைகளுக்குள் அழுத்திவிடுவதால், பின்னர் அந்த இடத்தில் வெளிச்சத்தை மீட்டெடுப்பது கடினம்.

அம்மம்மாவை எல்லாப் பக்கமும் வெளிச்சம் விழும் விறாந்தையில் இருத்தி வரைகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரேயொரு யன்னலைத் திறந்துவைத்து, அதற்குப் பக்கவாட்டில் அவரை இருத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கண்குழியும் கன்னத்தின் நிழலும் கழுத்தும் தோளும் இணைந்து ஒரே இருள்வடிவமாகத் தெரியும். கண்ணையும் மூக்கையும் தனித்தனியே தொடங்காமல் அந்த வடிவத்தையே முதலில் இடுங்கள். அந்த இருள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, அதன் ஓரம் எங்கே கூராக நிற்கிறது, எங்கே கரைகிறது என்பவையே, முகபாவத்தைவிட அதிகமாக, படத்தின் மனநிலையைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு வில்லோ மரக் குச்சியைச் சுட்டுச் செய்த மென்கரியே ஏற்றது. அதைப் படுக்கவைத்துச் சொரசொரப்பான தாள் முழுவதும் பூசி, துணியால் நடுத்தரச் சாம்பலாக்கிய பின், ஒளிபடும் இடங்களைப் பிசையும் அழிறப்பரால் ஒற்றியெடுங்கள். (அது கிடைக்காவிட்டால் பாணின் உட்பகுதியை உருட்டிக்கொள்ளலாம், ஐரோப்பிய ஓவியர்கள் வெகுகாலம் அப்படித்தான் செய்தார்கள்.) நீங்கள் கேட்கும் கறுப்புக் கரி பசை சேர்த்து அழுத்திச் செய்யப்படுவது, எளிதில் அழியாது. ஆகவே கடைசியில், மிக இருண்ட இரண்டொரு இடங்களுக்கு மட்டுமே அதைத் தொடுங்கள்.

கரைவலை இழுப்பவருக்கு இம்முறை பொருந்தாது. அங்கே பாரமும் இழுவையுமே உணர்ச்சி என்பதால், முதுகின் வளைவையும் ஊன்றிய காலையும் கரியின் பக்கவாட்டால் ஒரே வீச்சில் இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933 இல் கரியால் வரைந்த தன்னுருவப் படத்தில் முகத்தைக் கவனமாகத் தீட்டியவர், கையைத் தோளிலிருந்து கீழிறங்கும் முரட்டுக் கோணல் கீற்றுகளாகவே விட்டிருக்கிறார். வரையும் கையின் விசை அதனாலேயே தெரிகிறது.

கரி உதிராமலிருக்கத் தெளிக்கும் திரவம் மெல்லிய சாம்பலைச் சற்றுக் கறுக்கச் செய்யும் என்பதால், ஒளியைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவைத்து, காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகத் தெளியுங்கள். மாரி காலத்தில் ஈரம் ஊறிய தாளில் கரி திட்டுத்திட்டாகப் படியும். தாளை நன்கு உலரவிட்ட பிறகே தொடங்குங்கள்.