எத்தீரியம் பிளாக்செயின் நோடிலிருந்து (அதன் பிரதியை வைத்திருக்கும் கணினி) ஆயிரக்கணக்கான பரிவர்த்தனை ரசீதுகளை மொத்தமாக எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கையில் ஒரு எக்செல் கோப்பு, அதில் நீளமாக ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி அடையாளம்) பட்டியல், ஒவ்வொன்றுக்கும் லூப் போட்டு 'ஈத் கெட் டிரான்ஸாக்‌ஷன் ரிசீட்' கேட்டு, பாதியில் 429 (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள் என்ற பிழை) வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹாஷை விடுங்கள். பரிவர்த்தனைகளைத் தொகுத்து வைத்திருக்கும் பிளாக்கின் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். 'ஈத் கெட் பிளாக் ரிசீட்ஸ்' என்று ஒரு மெதட் இருக்கிறது, அந்த பிளாக்கில் உள்ள எல்லா ரசீதும் ஒரே பதிலில் வந்துவிடும். நோடை ஓட்டும் மென்பொருளான கெத்தில் 2023-இல் சேர்த்தார்கள். எரிகான், நெதர்மைண்ட், பெசு இவற்றிலும் உண்டு.

'பேட்ச் போட்டால் போதுமே' என்று யாராவது வந்து எழுதத்தான் போகிறார்கள். பேட்ச் தப்பென்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நூறு கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பினாலும் நோடுக்கு அது நூறு கேள்விதான், காசு வாங்கும் சேவைகள் பெரும்பாலும் நூறாகத்தான் கணக்குப் போடும். கெத் தன் பங்குக்கு ஒரு பேட்சில் 1000 கேள்வி, பதில் 25 எம்பி என்று வரம்பு வைத்திருக்கிறது. போதாததற்கு, பதில்கள் கேட்ட வரிசையிலேயே வரவேண்டும் என்று நோடிடம் கேட்கும் நெறிமுறையான ஜேசன் ஆர்பிசியில் விதி கிடையாது, ஐடியைப் பார்த்துத்தான் கோக்க வேண்டும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். தோட்டத்தை விற்று வீடு கட்டிய தாமான் (குடியிருப்பு) ஒன்றில் இருந்துகொண்டு வெளி வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வளர்ந்த ஓர் அக்கா கோலாலம்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறார். வெளிநாட்டு ஆட்களுக்குச் சம்பளத்தை எத்தீரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் (பிளாக்செயினில் ஓடும் நிரல்) வழியாகக் கொடுக்கும் நிறுவனம் அது. ஆடிட் வந்தபோது தணிக்கைக்காரர்களின் கணினி ஆள் நிறுவனத்தின் சொந்த நோடில் ஹாஷ் ஹாஷாகக் கேட்டிருக்கிறார். புதியவற்றுக்கு ரசீது வந்தது, பழையவற்றுக்கு வெறும் நல் (ஒன்றுமில்லை என்ற பதில்). உடனே 'பணம் போனதற்கு ஆதாரம் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அக்கா ராத்திரி போன் செய்து, "தம்பி, நான் காச முழுங்கிட்டேன்னு சொல்லாம சொல்றாங்கப்பா" என்றார்.

நல் என்றால் பணம் போகவில்லை என்று அர்த்தமில்லை. தோற்றுப்போன பரிவர்த்தனைக்குக்கூட ரசீது உண்டு, அதில் ஸ்டேட்டஸ் பூஜ்யம் என்று இருக்கும், அவ்வளவுதான். பிளாக்கில் ஏறாத பரிவர்த்தனைக்குத்தான் ரசீது இருக்காது. இங்கே விஷயம் வேறு. எந்த ஹாஷ் எந்த பிளாக்கில் இருக்கிறது என்ற அட்டவணையை கெத் இயல்பாகக் கடைசி 23,50,000 பிளாக்குகளுக்கு மட்டும்தான் வைத்திருக்கும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 7,200 பிளாக், ஆக ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முந்தைய ரசீதுகள் டிஸ்கில் பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஹாஷ் சொல்லித் தேடத்தான் வழியில்லை.

என் அப்பா தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுத்தர். வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டு யாராவது வந்தால் பேரைக் கேட்கவே மாட்டார், "எந்த மாசம்?" என்றுதான் கேட்பார், செக்ரோல் (ஆட்களின் வேலை நாள், சம்பளப் பதிவேடு) மாசவாரியாக அடுக்கியிருக்கும். நோடும் அப்படித்தான்.

பிளாக் எண்ணுக்கு என்ன செய்தேன் என்றால், அந்த கான்ட்ராக்ட் முகவரியை வைத்து 'ஈத் கெட் லாக்ஸ்' கேட்டேன். லாக் என்பது கான்ட்ராக்ட் ஓடும்போது விட்டுச்செல்லும் பதிவு, ஒவ்வொரு லாகிலும் ஹாஷும் பிளாக் எண்ணும் சேர்ந்தே வரும். பட்டியலில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிட்டது. ஆனால் தோற்ற பரிவர்த்தனைகள் லாக் எதையும் விட்டுவைக்காது, அதனால் அவை இதில் சிக்காது. அவற்றுக்கு அக்கா குறித்து வைத்திருந்த தேதி, நேரம்தான் கைகொடுத்தது. மெர்ஜுக்குப் (எத்தீரியம் இயங்கும் முறை மாறிய நிகழ்வு) பிறகு பிளாக் 12 வினாடிக்கு ஒன்று என்பதால் நேரத்தை வைத்து எண்ணை உத்தேசமாகப் போட்டு, அந்த பிளாக்கின் நேரமுத்திரையைப் பார்த்து முன்னே பின்னே நகர்ந்தால் பிடித்துவிடலாம், நடுவில் சில ஸ்லாட் (ஒரு பிளாக்குக்கான 12 வினாடி இடம்) காலியாகப் போயிருக்கும், அதனால் கணக்கு அச்சாக வராது. கையிருப்பில் இடித்த தொகையும் இதில்தான் இருந்தது. சம்பளம் போகவில்லை, ஆனால் காஸ் (பரிவர்த்தனையை நடத்தும் கட்டணம்) போயிருக்கிறது. காஸ் யூஸ்டை எஃபெக்டிவ் காஸ் பிரைஸால் பெருக்குங்கள், பக்கத்திலேயே இருக்கும் க்யூமுலேட்டிவ் காஸ் யூஸ்டைத் தொடாதீர்கள், அது பிளாக்கின் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரும் எண்.

என்னைப் போல மழைக்கு நெட் லைன் படுத்துவிடும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. ஒரு ரசீதைத் திறந்து 'லாக்ஸ் ப்ளூம்' (லாக்குகளை விரைவாகத் தேட உதவும் குறி) என்ற இடத்தைப் பாருங்கள். சும்மா ஈதரை ஒருவருக்கு அனுப்பிய பரிவர்த்தனையாக இருந்தாலும் அதில் 512 எழுத்து, அத்தனையும் பூஜ்யம். சேமிக்கும்போது அதைக் கழற்றி எறியுங்கள். கேட்கும்போதே ஜிஸிப் என்ற சுருக்க முறையில் கேட்டால் அந்தப் பூஜ்யமெல்லாம் சுருங்கிப்போய் வரும்.

இண்டெக்ஸர் (பிளாக்செயின் தரவை முன்பே அடுக்கித் தரும் சேவை) இருக்கிறதே, டாஷ்போர்டில் எஸ்கியூஎல் எழுதினால் ஆயிற்றே என்பவர்களுக்கு: ஆயிற்றுதான். ஆனால் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிய ஆளுக்கு அவர் கேட்ட அதே நோடிலிருந்து எடுத்துக் காட்டினால்தான் வாயடைக்கும். அடைத்தது. அறிக்கையைத் திருத்தினார்கள். அக்காவிடம் ஒரு மன்னிப்பு இல்லை, அது தனிக்கதை.

இந்த வேலை செய்வதில் எனக்கு இருக்கும் ஒரே எரிச்சல் ஊர்தான். பிளாக்செயின் என்று வாய் திறந்தால் கோப்பிக்கடையில் பாதிப் பேர் "தம்பி, எந்தக் காயின் ஏறும்?" என்கிறார்கள், மீதிப் பேர் ஸ்கீம் நடத்துகிற பையன் என்று நாற்காலியைத் தள்ளிப் போடுகிறார்கள். ரிட்டயர் ஆன பணத்தை ஏதோ ஒரு ஸ்கீமில் போட்டு விட்டவர்கள் இங்கே நிறைய, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கோயில் கணக்கை கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றதற்கு "வேணாம்பா, நோட்டுப் புஸ்தகமே இருக்கட்டும்" என்றார்கள் பாருங்கள், அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிய பிளாக்குகளும் வேண்டுமென்றால் 'ஃபைனலைஸ்டு' (இனி மாறாது என்று உறுதியான பிளாக்) வரை மட்டும் எடுங்கள், நுனியில் இருப்பவை ரீஆர்க்கில், அதாவது கடைசி பிளாக்குகள் மாற்றி அடுக்கப்படும்போது, மாறக்கூடும். 2022 செப்டம்பர் மெர்ஜுக்கு முந்தையவை வேண்டுமென்றால் நோடு வைத்திருப்பவரை முதலில் கேளுங்கள், 2025 ஜூலையிலிருந்து அந்தப் பழைய வரலாற்றை நோடுகள் கழித்துவிட வசதி வந்துவிட்டது. உங்கள் பட்டியலில் பிளாக் எண் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் தேதியையாவது வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள்.