துண்டும் தகரமும் கடவுச்சீட்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பூட்டனார் இந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது பாஸ்போர்ட் வைத்திருந்திருப்பாரா? (பொகவந்தலாவை)

இருந்திருக்காது. முதலாம் உலகப்போருக்கு முன்பு ஐரோப்பாவிலேயே பலர் பாஸ்போர்ட் இல்லாமல்தான் எல்லை தாண்டினார்கள். போரில் உளவாளிகளுக்குப் பயந்து கொண்டுவந்த கட்டுப்பாடு, போர் முடிந்தும் போகவில்லை.

நம் ஆட்களுக்குக் கிடைத்தது தகர வில்லை, அதாவது ஒரு சிறு தகரத் தட்டு. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தட்டப்பாறை, மண்டபம் முகாம்கள் வழியாக வந்தார்கள். வழிச்செலவு அந்த எண்ணை வைத்தே தோட்டத்தின் கணக்கில் ஏறியது. மலைக்கு வந்தபின் துண்டு. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். பாஸ்போர்ட் மனிதனைப் போக விடுகிறது. துண்டு அவனைக் கடனோடு கட்டிப்போட்டது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: தாத்தா பிறந்தது தலவாக்கலையில். அவருடைய டிரங்குப் பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது. எப்படி? (ஹட்டன்)

உங்கள் வீட்டில் மட்டுமல்ல, மலையகத்தில் பல வீடுகளில் இது இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 அக்டோபர் 30-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்களைக் கேட்டா பிரித்தார்கள்? ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு காம்பராவுக்கு (அறைக்கு) இந்தியா, அடுத்த காம்பராவுக்கு இலங்கை என்று ஆனது.

இந்தியா என்று முடிவானவர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட் வந்தது. கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். 1984-இல் உள்நாட்டுப் போரால் கப்பல் நின்றது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர்களும் இருந்தார்கள். உங்கள் தாத்தாவும் அப்படி இருந்திருக்கலாம். 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு அப்படிப்பட்டவர்கள் பிரகடனம் கொடுத்து இலங்கைக் குடியுரிமை பெற முடிந்தது.

தயவுசெய்து அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு முத்திரையைப் பற்றியும் கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கிறது? (பசறை)

1920-இல் ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் பாரிஸில் கூட்டிய மாநாடு 32 பக்கப் புத்தக வடிவத்தைப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு பல நாடுகளில் அது மடித்த ஒற்றைத் தாள்தான்.

கேள்வி: படம் உள்ள பக்கத்தின் அடியில் அம்புக்குறி போல வரும் இரண்டு வரிகள் என்ன? (பண்டாரவளை)

இயந்திரம் படிப்பதற்கான வரிகள். வரிக்கு 44 இடம். காலியான இடங்களை அந்தக் குறி நிரப்பும். முதல் வரியில் குடும்பப் பெயர், இரட்டைக் குறி, அப்புறம் சொந்தப் பெயர். நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே, அப்பா பெயரல்லவா இருக்கும்? அதனால் விமான டிக்கெட் எடுக்கும்போது அந்த வரியில் எந்தப் பெயர் முன்னால் இருக்கிறது என்று பார்த்து, அதே வரிசையில், அதே எழுத்துகளில் கொடுங்கள்.