வாசகர் கேள்விகள்: டார்வின் தோற்றால் நாத்திகம் தோற்குமா?

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம், 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மரபு' என்று மட்டும் சுருங்கிப்போனதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடநூலை விட்டுவிட்டுக் கடவுளைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, டெல்லி ஆர்.கே. புரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியன் நான். அண்மையில் ஒரு சொற்பொழிவில் பேசியவர், "நாத்திகம் பரிணாமக் கொள்கை என்ற ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறது; அந்தத் தூணை இன்று அறிவியலாளர்களே அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்; அது விழும் நாளில் நாத்திகமும் விழும்" என்றார். அரங்கம் அதிரக் கைத்தட்டல். வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். கடவுள் நம்பிக்கை இல்லாத அவன், "அது விழாது, கவலைப்படாதீர்கள்" என்றான். விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன், பதில் இல்லை. தங்கள் கருத்து என்ன?

பதில்: சொற்பொழிவாளரும் தங்கள் மகனும் எதிரெதிர் அணியினர்போலத் தோன்றினாலும், தூண் ஒன்றுதான் என்பதில் இருவரும் உடன்பட்டிருக்கிறார்கள். அந்த உடன்பாடுதான் தவறு என்பது என் கருத்து.

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பரில் வெளிவந்தது. நாத்திகத்துக்கு அதுதான் தூண் என்றால், அதற்கு முன் நாத்திகர் எவரும் இருந்திருக்கக் கூடாது. மணிமேகலையின் 27ஆம் காதையைப் புரட்டுங்கள். வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் கொள்கை கேட்டுவரும் மணிமேகலையின் முன் கடைசியாகப் பூதவாதி ஒருவன் வந்து நிற்கிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் பிற பொருள்களையும் சேர்த்து வைத்தால் கள்ளில் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் ஒன்றுகூடும்போது உணர்வு தோன்றுகிறது, அவை பிரியும்போது அதுவும் பிரிந்துபோகிறது, மறுமை என்பது பொய் என்கிறான் அவன். பூவில் வெறி இல்லை, வெல்லத்திலும் வெறி இல்லை, இரண்டும் கூடிப் புளித்த பானையில் வெறி இருக்கிறது. உயிரும் அப்படித்தான் என்ற இந்த வாதத்தைச் சொல்ல அவனுக்கு டார்வின் தேவைப்படவில்லை, கள் இறக்குகிறவரின் பானை போதுமானதாக இருந்தது. மணிமேகலை அவனை மடக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிற நீ, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி வேறெப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். உயிரினங்கள் எப்படித் தோன்றின என்ற பேச்சே அந்த வழக்கில் எழவில்லை. வழக்கு முழுவதும் அறிவுக்கு எது சான்று என்பதைப் பற்றியது. சமணக் காப்பியமான நீலகேசியில் பூதவாதத்துக்கென்று ஒரு சருக்கமே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்து வாதாட ஒரு சருக்கம் ஒதுக்க வேண்டிய அளவுக்கு அந்தத் தரப்பு தமிழ்நாட்டில் பேசப்பட்டிருக்கிறது.

இன்னும் வேடிக்கை, வேதத்தையே உயிராகக் கொண்ட மீமாம்சகர்களின் பக்கம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த குமாரிலபட்டர், உலகைப் படைத்தவர் ஒருவர் உண்டு என்ற கருத்தை வாதிட்டு மறுத்தவர். சமணரும் படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. ஐரோப்பாவில் ஹோல்பாக் என்ற தத்துவவாதி வெளிப்படையான நாத்திக நூலை 1770இல் வெளியிட்டுவிட்டார். டார்வின் பிறந்தது 1809இல்.

மனிதர்களுக்கு ஐயம் பிறக்கும் இடம் பெரும்பாலும் உயிரியல் வகுப்பு அல்ல. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோது, பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் உள்ளிட்ட பலரும் கேட்ட, கடவுள் இதை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியை, 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் உறவினரைப் பறிகொடுத்தவர்களில் சிலரும் கேட்டிருப்பார்கள். டார்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்தாள். தந்தையிடம் எஞ்சியிருந்த கிறிஸ்தவ நம்பிக்கையை அந்தச் சாவு கரைத்துவிட்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்களில் பலர் கருதுகிறார்கள். புத்தகம் வெளிவர அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

நம் டெல்லியில், 1929 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் குண்டு வீசிக் கைதான பகத்சிங், மறு ஆண்டு லாகூர்ச் சிறையிலிருந்து 'நான் ஏன் நாத்திகன்' என்ற கட்டுரையை எழுதினார். ஜீவா தமிழாக்கிய அக்கட்டுரையில், மனிதனின் தோற்றம் பற்றி அறிய டார்வினைப் படியுங்கள் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். கட்டுரையின் கனம், எல்லாம் வல்லவர் ஒருவர் இருந்தால் இத்தனை கொடுமைகளை ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வியில் இருக்கிறது. பெரியாரின் கடவுள் மறுப்பு சாதி இழிவிலிருந்து புறப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, நாளைக்கே பரிணாமம் பொய் என்று நிறுவப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலையில் தங்கள் வீட்டுக் கதவில் மாட்டியிருந்த பையில் பால் பாக்கெட்டைக் காணோம். குரங்கு எடுத்திருக்கும் என்கிறான் மகன். எதிர்வீட்டுக்காரர் எடுத்திருப்பார் என்கிறீர்கள் நீங்கள். அன்று காலை அந்தக் குடியிருப்புப் பக்கமே குரங்கு வரவில்லை என்று காவலாளி அடித்துச் சொல்கிறார். அதனால் எதிர்வீட்டுக்காரர் திருடராகிவிடுவாரா? பால்காரர் போட மறந்திருக்கலாம், பூனை இழுத்திருக்கலாம், மருமகள் முன்பே எடுத்துக் காய்ச்சிக்கொண்டிருக்கலாம். மகனின் விளக்கம் தோற்றால், பால் எப்படிப் போனது என்று தெரியவில்லை என்ற நிலைக்கு அவன் வருவானே தவிர, தங்கள் விளக்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. எதிர்வீட்டுக்காரர்தான் எடுத்தார் என்பதைத் தாங்கள் தனியாக நிறுவ வேண்டும். (குரங்கைப் பற்றிய வழக்கில் குரங்கையே உவமையாக்கியது வேண்டுமென்றே அல்ல, டெல்லியில் வேறு திருடர் உடனே நினைவுக்கு வருவதில்லை.)

இதுவரை சொன்னதை வைத்து, பரிணாமத்துக்கும் இந்த வழக்குக்கும் தொடர்பே இல்லை என்று யாரேனும் சொன்னால் அதையும் நான் ஏற்க மாட்டேன். ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி 1802இல் எழுதிய நூலில் ஒரு கடிகாரம் வருகிறது. பொட்டல் வெளியில் கிடக்கும் கடிகாரத்தைக் கண்டெடுப்பவன், இதைச் செய்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்வான் அல்லவா, கடிகாரத்தைவிடப் பன்மடங்கு நுட்பமான கண்ணைப் பார்த்தும் அதே முடிவுக்கு வர வேண்டாமா என்பது அவருடைய வாதம். இந்த வாதத்தை 1779இலேயே வெளியான, ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமின் நூல் குடைந்து பார்த்திருந்தது. ஆயினும், செய்தவர் இல்லாமல் கண் எப்படி வரும் என்று எதிராளி கேட்டால் அன்றைய நாத்திகர் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வழக்கில் நம்பிக்கையாளர் தரப்பின் முதல் சாட்சியாகக் கண்தான் கூண்டில் நின்றது. சிறுசிறு வேறுபாடுகள், அவற்றில் பயன்தருவன தலைமுறைதோறும் தங்கிச் சேர்தல், மிக நீண்ட காலம் ஆகியவற்றைக்கொண்டு, டார்வின் அந்தச் சாட்சியைப் பிறழ்சாட்சியாக்கிவிட்டார்.

அது பிறழ்ந்த விதத்தைத் தாங்களே பார்க்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் ஒரு புள்ளியும், அதற்கு வலப்புறம் நான்கு விரல் அகலம் தள்ளி ஒரு பெருக்கல் குறியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் புள்ளியை மட்டும் பார்த்தபடி, தாளை ஒரு முழத் தொலைவிலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஓரிடத்தில் பெருக்கல் குறி காணாமல் போய், இன்னும் அருகே வந்ததும் மீண்டும் தோன்றும். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்புறமாக ஓடி, ஓரிடத்தில் திரையைத் துளைத்துக்கொண்டு பின்னால் செல்கின்றன; அந்தத் துளையில் பார்வை கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்புறமாகவே செல்வதால் இந்தக் குருட்டுப்புள்ளி இல்லை. முன்னோரிடமிருந்து கிடைத்ததை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டு வந்த உறுப்பில் இப்படி ஒரு கோளாறு இருப்பது இயல்பு.

ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர் பிறழ்ந்துவிட்டார் என்பதற்காக வழக்கு தீர்ந்துவிடாது. அண்டம் ஏன் இருக்கிறது, அறத்துக்கு அடிப்படை எது, மனம் என்பது என்ன என்று வேறு சாட்சிகளை நம்பிக்கையாளர் அழைக்கலாம். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யப் பரிணாமம் அதிகம் உதவாது. பரிணாமம் உயிர்கள் மாறிப் பெருகியதைப் பற்றிய கொள்கை. முதல் உயிர் எப்படி வந்தது என்பதுகூட அதற்கு வெளியே உள்ள ஆராய்ச்சி. ஆகவே தங்கள் மகன் அது விழாது என்று சொன்னதில் தவறில்லை என்றாலும், தாங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. தம் மறுப்புக்குக் காரணம் டார்வின் மட்டும்தானா என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும்.

தூண் அசைகிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மீனுக்கும் நிலத்தில் நடக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட உயிரி, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைக்கக்கூடும் என்று கணித்து, கனடாவின் வடகோடித் தீவில் ஆண்டுக்கணக்காகத் தேடியவர்கள் 2004இல் 'டிக்டாலிக்' புதைபடிவத்தைத் தோண்டியெடுத்தார்கள். தாங்கள் கேட்ட சொற்பொழிவு வாதத்தின் ஊற்று, ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்பும் அமெரிக்கத் திருச்சபைகளில் இருக்கிறது. பிரம்மாவின் ஒரு பகலுக்கே 432 கோடி ஆண்டு கணக்கிடும் மரபில் வந்தவர் அந்த இரவல் சட்டையை ஏன் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், ரெய்சினா குன்று முழுக்க இன்னும் குரங்குகள் திரிவது எப்படி? – கரோல் பாக் வாசகர்

பதில்: தாங்கள் பிறந்துவிட்டதால் தங்கள் சித்தப்பா பிள்ளைகள் மறைந்துவிட்டார்களா? ரெய்சினா குன்றின் குரங்குகளும் நாமும் பிரிந்தது ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன். சிம்பன்சிகளும் நாமும் பிரிந்தது 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பாட்டனார் ஒருவர், பங்காளிகள் பலர்.

கேள்வி: நான் மயூர் விகாரில் வசிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. நீட் தேர்வுக்காகப் பரிணாமத்தை விரும்பியே படிக்கிறேன். தேர்வு நாளில் கோயிலுக்கும் போவேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று என் வகுப்புத் தோழி சொல்கிறாள். அப்படித் தேர்ந்துகொள்ளத்தான் வேண்டுமா?

பதில்: டார்வினிடமே ஒருவர் ஏறக்குறைய இதைக் கேட்டிருக்கிறார். ஒருவர் உறுதியான கடவுள் நம்பிக்கையாளராகவும் பரிணாமவாதியாகவும் இருக்க முடியும் என்பதை ஐயுறுவது அபத்தம் என்று 1879இல் அவர் எழுதிய பதில் கடிதம் இன்றும் கிடைக்கிறது. அமெரிக்காவில் அவருக்காக வாதாடிய தாவரவியலாளர் ஏசா கிரே தேவாலயத்துக்குத் தவறாமல் செல்பவர். நீங்கள் பட்டாணிச் செடியோடு படிக்கும் மெண்டல் ஒரு துறவி.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். நாத்திகத்தை அரசுக் கொள்கையாகவே கொண்டிருந்த சோவியத் ஒன்றியம், வேளாண் நிபுணர் லைசென்கோவின் பேச்சைக் கேட்டு 1948இல் மரபியலையே தடைசெய்தது. உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த மரபியலாளர் வாவிலோவ் 1943இல் சாராதொவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். கடவுளை மறுத்த அரசுக்கு உயிரியலின் மேல் தானாக அன்பு வந்துவிடவில்லை.

ஆனாலும் தோழியின் கேள்வியை அடியோடு தள்ளிவிடாதீர்கள். ஒவ்வோர் உயிரினத்தையும் கடவுள் தனித்தனியே வார்த்தெடுத்தார் என்பது உங்கள் நம்பிக்கையானால், நீங்கள் படிக்கும் பாடத்தோடு அது மோதத்தான் செய்யும். அப்படி இல்லையென்றாலும், பிறப்பவற்றில் பெரும்பகுதி பசியாலும் நோயாலும் மடிய, எஞ்சியவை பெருகும் இந்த முறையை ஒரு கருணையாளர் ஏன் தேர்ந்தார் என்று அவள் கேட்டால் பதில் எளிதல்ல. ஏசா கிரேயும் டார்வினும் அதைப் பற்றிக் கடிதத்திலேயே வாதாடிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் மாற்ற முடியவில்லை, நட்பும் முறியவில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். மனைவி மலை மந்திர் படியேறும்போது கீழே செருப்புகளுக்குக் காவல் நிற்பவன் நான். அதற்கு மேல் இப்பகுதியில் சொல்வதில்லை.

கேள்வி: 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று மாணிக்கவாசகர் டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரிணாமத்தைப் பாடிவிட்டாரே, இதைச் சொல்லி நாத்திகர் வாயை அடைக்க முடியாதா? – லோதி காலனி வாசகர்

பதில்: சிவபுராணத்தின் அந்த வரிகளைத் தொடர்ந்து படியுங்கள். பாம்புக்குப் பிறகு கல் வருகிறது. மனிதருக்குப் பிறகு பேயும் கணங்களும் வல்லசுரரும் முனிவரும் தேவரும் வருகிறார்கள். இதை உயிரினங்களின் வரலாறாகப் படித்தால் பாம்பு கல்லானது எப்படி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கும். அடிகள் சொல்வது ஒரே உயிர் பிறவிதோறும் படும் பாட்டை. 'எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்' என்ற அடியில் 'இளைத்தேன்' என்ற சொல்தான் உயிர்நாடி. பரிணாமத்தில் இனம் மாறுகிறது, தனியுயிர் எதுவும் பிறவி தாண்டிச் செல்வதில்லை. ஆகவே இளைப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மேலும், திருவாசகத்துக்கு டார்வினைச் சான்றாக்கினால், நாளை அறிவியலாளர்கள் பரிணாமத்தில் ஒரு திருத்தம் செய்யும்போது தாங்கள் மாணிக்கவாசகரையும் திருத்த வேண்டிவரும். ஆர்.கே. புரத்துச் சொற்பொழிவாளர் நாத்திகரை நிறுத்திய அதே ஒற்றைத் தூணின்மேல் தாங்கள் சிவபெருமானை ஏற்றி நிறுத்தப் பார்க்கிறீர்கள்.