மூன்றரைக் கோடி இலக்க எண்ணுக்கு வகுஎண் தேடுவது எப்படி?

காரைக்குடியில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: 12 கோடியை ஒட்டிய ஒரு பகா எண்ணை 2-க்கு அடுக்காக்கி 1 கழித்தால் மூன்றரைக் கோடி இலக்கத்துக்கு மேல் வருகிறது, அதை எப்படி வகுத்துப் பார்க்கிறார்கள், வீட்டு லேப்டாப்பில் முடியுமா?

அந்த எண்ணை யாரும் வகுப்பதில்லை, முழுதாக எழுதிப் பார்ப்பதுகூட இல்லை. வகுஎண் என்று சந்தேகிக்கும் சின்ன எண்ணை வைத்துக்கொண்டு, 2-இன் அந்த அடுக்கு அதில் மீதி 1 தருகிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

எதைச் சந்தேகிப்பது என்பதில்தான் இந்தக் கணக்கின் அழகு இருக்கிறது. அடுக்கை 'ப' என்போம், அது ஒற்றைப்படைப் பகா எண். ஒரு பகா எண் 'வ' நம் பெரிய எண்ணை வகுத்தால், வ-வில் 2-இன் வரிசை (வ-வால் வகுத்தால் மீதி 1 தரும் 2-இன் மிகச் சிறிய அடுக்கு) சரியாக ப. எனவே ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி வ − 1 என்பது ப-வால் வகுபடும். வ ஒற்றைப்படை என்பதால் வ = 2 × க × ப + 1 என்ற வடிவம் கட்டாயம் (க ஒரு முழு எண்). இன்னொரு நிபந்தனையும் உண்டு: 2-இன் அடுக்கு (ப + 1) மீதி 2 தரும், ப + 1 இரட்டைப்படை. ஆக வ-வால் மீதி எடுக்கும் கணக்கில் 2 ஒரு வர்க்கம். அதனால் வ-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம்.

2²⁹ − 1-ஐக் கையாலேயே போட்டுப் பாருங்கள். க = 1 என்றால் 59; 8-ஆல் மீதி 3, தள்ளுங்கள். அடுத்தது 117, அதில் மீதி 5. மூன்றாவது 175, மீதி 7 சரி, ஆனால் 5-ஆல் வகுபடும். க = 4-இல் 233 வருகிறது, சோதிக்கலாம். 29-இன் இரும வடிவம் 11101. 1-இல் தொடங்கி, ஒவ்வொரு இலக்கத்துக்கும் வர்க்கப்படுத்துங்கள், இலக்கம் 1 என்றால் இரட்டிப்பாக்குங்கள், 233-ஆல் மீதி எடுங்கள். வரிசையாக 2, 8, 128, 74, 1. கடைசியில் 1 வந்துவிட்டது, 233 வகுஎண்தான். 12 கோடி அடுக்குக்கும் இப்படி 27 படிகள் போதும்.

படி குறைவு, சோதிக்க வேண்டிய க-க்கள்தான் ஏராளம். இங்கே சல்லடை உதவும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பூவேலை குறிப்பிட்ட கல்லுக்கு ஒருமுறை திரும்ப வருமே, அதுபோல 8, 3, 5, 7 தொடர்பான தள்ளுபடிகள் க-வில் 420-க்கு ஒருமுறை அப்படியே திரும்பும். அந்த 420-இல் 96 மட்டுமே மிஞ்சும். அதன் பிறகும் வ-வை 76 பிட்டிலிருந்து 77 பிட் வரை (2⁷⁶ முதல் 2⁷⁷ வரை) தேட 7 × 10¹³ வேட்பாளர்கள் இருப்பார்கள்; சிறு பகா எண்களால் மேலும் சலிக்க வேண்டும். ஒரு பிட் ஏறினால் வேலை இரட்டிப்பு, ஆனால் அந்த ஒரு பிட்டில் காரணி கிடைக்கும் வாய்ப்பு சுமார் 1/77 மட்டுமே. பகாத்தன்மைச் சோதனைக்கு ஆகும் நேரத்தை இந்த வாய்ப்பால் பெருக்குங்கள். தேடும் செலவு அதைத் தாண்டும் இடத்தில் நிறுத்திவிடுவதே சரி. இந்த வேலை கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றது. சாதாரண லேப்டாப் பிராசசரை இதில் கட்டிப்போடுவது வீண் என்பேன்.

பிராசசருக்கு ஏற்றது கணிதவியலாளர் பொலார்ட் 1974-இல் தந்த 'ப கழித்தல் ஒன்று' முறை (அந்த 'ப' காரணியைக் குறிக்கும், நம் அடுக்கை அல்ல). காரணியிலிருந்து 1 கழித்தது சிறு பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் இம்முறை அதைப் பிடிக்கும்: அவற்றின் அடுக்குகள் முதல் எல்லைக்குள் அடங்க வேண்டும், ஒரு பகா எண் மட்டும் இரண்டாம் எல்லை வரை போகலாம். 1903-இல் கணிதவியலாளர் கோல் பிளந்து காட்டிய 2⁶⁷ − 1-இன் காரணி 193707721. அதில் 1 கழித்தால் 2³ × 3³ × 5 × 67 × 2677. முதல் எல்லை 30, இரண்டாம் எல்லை 3000 என்று வைத்தாலே இது சிக்கும். 30-க்குள் அடங்கும் பகா அடுக்குகளை எல்லாம் (16, 27, 25, 7, 11 என) பெருக்கி, அதோடு (காரணி 2 × க × 67 + 1 வடிவில் இருப்பதால்) 2 × 67-ஐயும் சேர்த்து, 3-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். இம்முறை மீதி எடுப்பது மெர்சென் எண்ணாலேயே (2-இன் பகா எண் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்; இங்கே 2⁶⁷ − 1). 2677-ஐ இரண்டாம் கட்டம் பிடிக்கும். கடைசியில் விடையிலிருந்து 1 கழித்து, மெர்சென் எண்ணோடு மீப்பெரு பொதுக் காரணி.

தவறுகிற இடங்கள் இங்கேதான். 27-க்குப் பதில் வெறும் 3-ஐப் பெருக்கினால் இந்தக் காரணி தப்பிவிடும். அடிமானமாக 2-ஐ எடுத்தால் அது எப்போதும் 1-ஆகவே சுருங்கும், எதுவும் தெரியாது. எல்லைகளைப் பெரிதாக்கிச் சிறிய மெர்சென் எண்ணில் ஓட்டினால் எல்லாக் காரணிகளும் ஒன்றாக விழுந்து, விடையாக அந்த எண்ணே வரும். பைதானில் அடுக்கு கணக்கிடும் பவ் (pow) சார்புக்கு மூன்றாவது உள்ளீடாக வகுஎண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் முழு எண்ணையும் உருவாக்கப் போய் நினைவகம் திணறும். சி மொழியில் வகுஎண் 32 பிட்டைத் தாண்டினால் அதன் வர்க்கம் 64 பிட்டில் அடங்காது, பிழைச் செய்தி இல்லாமலே விடை கெடும்.

வன்பொருள் பிழையும் அப்படித்தான். கிடைத்த காரணியை நொடியில் சரிபார்க்கலாம், ஆனால் தவறவிட்ட காரணி தன்னைக் காட்டிக்கொள்ளாது. காரைக்குடிச் சித்திரை வெயிலில் லேப்டாப்பை நாள்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள், பாதி கோர்களே போதும். மின்தடைக்காக, மெர்சென் எண்களைச் சோதிக்கும் மென்பொருளான பிரைம்95-இல் சேமிப்பு இடைவெளியை 10 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். இரண்டாம் கட்டம் நினைவகத்தைத் தின்னும். 8 ஜிபி உள்ள கணினியில் 4-க்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

சிறிய அடுக்குகளுக்கு கணிதவியலாளர் லென்ஸ்ட்ராவின் நீள்வட்ட வளைவு முறை வேண்டும். ஒரு வளைவு தோற்றால் வேறொன்றை எடுக்கலாம். 2¹²⁷⁷ − 1-க்கு வெறும் 385 இலக்கம், பகு எண் என்றும் உறுதியாகிவிட்டது, ஆனாலும் ஒரு காரணிகூட இன்னும் கிடைக்கவில்லை. நீங்கள் 2⁶⁷ − 1-இல் தொடங்குங்கள். உங்கள் நிரல் 193707721-ஐத் தந்த பிறகு பெரிய அடுக்குகளுக்குப் போகலாம்.