ஞாயிற்றுக்கிழமைப் பொங்கல்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது. கூடத் தங்கியிருக்கும் நண்பர்கள், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பொங்கல் வைக்கலாம் என்கிறார்கள். குடும்பமும் இல்லாமல், நாளும் தவறி வைப்பதெல்லாம் ஒரு பொங்கலா? வீடியோ காலில் ஊர்ப் பொங்கலைப் பார்த்தால் போதாதா?
- வாசகர், ஈசூன்

பதில்: போதாது. நீங்கள் ஊரைப் பார்ப்பது இருக்கட்டும், அந்தப் பக்கம் அம்மா எதைப் பார்ப்பார்? நாளும் கிழமையுமாகப் பிள்ளை கசங்கிய சட்டையோடு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பதைத்தான். அப்புறம் அவருக்குப் பொங்கல் எப்படித் தொண்டையில் இறங்கும்?

நாளையும் தவறவிட வேண்டாம். தை பிறக்கும்போது சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது காலை 7.10 மணி வாக்கில். ஆறரைக்கு அடுப்பு மூட்டினால் உதயத்துக்குப் பால் பொங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு வேலைக்கும் போகலாம். அப்போது ஊரில் மணி ஐந்துகூட ஆகியிருக்காது. அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் இருப்பார். கூப்பிட்டு, "நம்ம வீட்டுப் பானை முதல்ல இங்கதான் பொங்குச்சு" என்று சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெண்கலப் பானை சூடேறாது. காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உற்றாரையும் நண்பர்களையும் போய்ப் பார்ப்பதற்கென்றே ஊரில் காணும் பொங்கல் இருக்கிறது. ஞாயிறு உங்களுக்கு அந்த நாள். குடும்பம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கப் போவது அந்த நண்பர்கள்தானே? அவர்களுக்கும் ஊரில் அம்மா இருக்கிறார், அவர்களுக்கும் அதே ஏக்கம்தான். இருந்தும் அடுப்பு மூட்டலாம் என்று உங்களை அழைக்கிறார்கள்.

போவதோடு நிற்காமல் நீங்களும் யாரையாவது அழையுங்கள். துவாஸ், கிராஞ்சி பக்கம் ஊழியர் தங்கும் விடுதிகளில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். பலருக்கு வாரத்தில் ஓய்வு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். நாள் முழுக்கப் பொட்டலச் சோற்றில் காலம் தள்ளுகிறவருக்கு, ஒரு வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இலையில் நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடக் கிடைத்தால் அதைவிட என்ன பண்டிகை வேண்டும்? அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன் பக்கம் தை பிறக்கும் முன்பே கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்துவிடும். வாங்கி வரும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்வதாக நண்பர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.