சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிய கடிதங்கள்

வணக்கம் ஐயா,

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் கணவர் நடத்திய சாப்பாட்டுக் கடையைப் போன வருடம் மூடிவிட்டோம். கடைக்காக எடுத்த வங்கிக் கடனில் 58,000 வெள்ளி (ரிங்கிட்) நிற்கிறது. அதற்கு என் தம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வேறொரு வங்கியின் கிரெடிட் கார்டில் 37,000. கடை வேனை இழுத்துப்போய் லெலோங் (ஏலம்) விட்ட இன்னொரு வங்கி, மீதி 16,000 கட்டச் சொல்கிறது. அவருக்கு இப்போது செக்யூரிட்டி வேலையில் 2,600 சம்பளம், எனக்குப் பாலர் பள்ளியில் 1,700. வரும் கடிதங்களை அவர் பிரிப்பதே இல்லை, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார். "ஒரு லட்சம் தாண்டிவிட்டது, நானே போய் முஃப்லிஸ் (திவால்) என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார். உறவினர் ஒருவர், "20,000 வாங்கித் தருகிறேன், வாரம் 10 விழுக்காடு வட்டி, வங்கிக்குக் கட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொள்" என்கிறார். என் கணவருடைய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் போய்விடுமா? தம்பிக்கு என்ன ஆகும்?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த உறவினர். வாரம் 10 விழுக்காடு என்றால் 20,000 வெள்ளிக்கு வாரா வாரம் 2,000 வெள்ளி வட்டி மட்டும். உங்கள் இருவர் சம்பளத்தையும் சேர்த்தாலே மாதம் 4,300தான். கிரெடிட் கார்டு வட்டி கொடுமை என்கிறோம், ஆனால் அதற்கே ஆண்டுக்கு 18 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரும், அடமானம் இல்லாத கடனுக்கு அதற்குமேல் வாங்கக்கூடாது. உங்கள் உறவினர் சொல்வது ஆண்டுக்கு 520 விழுக்காடு. வங்கி நோட்டீஸ் அனுப்பும், வழக்குப் போடும், எல்லாம் சட்டப்படிதான். உரிமம் இல்லாமல் கடன் கொடுக்கும் வட்டி முதலை கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போவான். மானத்துக்குப் பயந்து அங்கே போன குடும்பங்களை நான் செந்தூலிலும் பார்த்திருக்கிறேன், ஜெலுத்தோங்கிலும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து அந்த ஒரு லட்சம். உங்கள் கணவர் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார். முன்பு 30,000 வெள்ளி கடன் இருந்தாலே திவாலாக்க மனுப்போடலாம். 2017இல் அது 50,000 ஆனது, இப்போது 100,000. ஆனால் இந்தத் தொகை, மனுப்போடுகிறவருக்கு நீங்கள் தரவேண்டிய கடன். உங்கள் மூன்று வங்கிகளில் எதற்கும் தனியாக அவ்வளவு பாக்கி இல்லை. ஒன்றுசேர்ந்து மனுப்போட்டால்தான் கூட்டிப் பார்ப்பார்கள். ஆக, இன்றைக்கு அவர் முஃப்லிஸ் இல்லை, நாளைக் காலையில் ஆகப்போவதும் இல்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக வழக்குப் போடலாம். சம்மன் கிடைத்து 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்யாவிட்டால், எதிர்ப்பே இல்லாமல் தீர்ப்பு வாங்கிவிடுவார்கள். தீர்ப்புக்குப் பிறகு வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருளை ஏலம் போடலாம். அந்தக் கட்டத்திலும், வருமானம் இவ்வளவுதான் என்று நீதிமன்றத்தில் காட்டித் தவணை கேட்க வழி இருக்கிறது. கேட்பதற்கு ஆள் போயிருக்க வேண்டும். அந்தச் சாமிப் படத்துக்குப் பின்னால் சம்மன் ஏதும் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

இபிஎஃப் பணத்தைக் கடன்காரர் தொட முடியாது, அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. எடுத்துச் சாதாரணக் கணக்கில் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அவசரப்பட்டு எடுத்துக் கட்டாதீர்கள்.

தம்பி விஷயம் கொஞ்சம் கசப்பு. படிப்புக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன், சொந்தக் காருக்கான கடன் இவற்றுக்கு லாபம் எதிர்பாராமல் ஜாமீன் நின்றவரை 2017க்குப் பிறகு திவாலாக்க முடியாது. உங்களுடையது வியாபாரக் கடன், அந்த விலக்கில் வராது. அப்படிப்பட்ட ஜாமீன்தாரர் மீது திவால் மனுப்போடவும், கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் பார்த்துவிட்டோம் என்று காட்டி வங்கி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். ஒரு லட்சத்தை எட்டாத 58,000க்கு அந்த வழி இப்போது இல்லை. ஆனால் பணம் கேட்டு அவர்மீதும் வழக்குப் போடலாம். அவரிடம் மறைக்காமல் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

என் சித்தப்பா நண்பரின் லாரிக்கு ஜாமீன் நின்று முஃப்லிஸ் ஆனவர். பழைய சட்டத்தில் தானாக விடுதலை என்று ஒன்று கிடையாது. பழனிக்குப் போகவேண்டும் என்று காலாவதியான பாஸ்போர்ட்டை மைலோ டின்னில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறியதோடு சரி, கடைசிவரை பழனி போகவில்லை. இன்று நிலைமை வேறு. சொத்து விவர அறிக்கையைக் கொடுத்து, திவால் விவகாரங்களைப் பார்க்கும் இன்சால்வென்சி இலாகா சொல்லும் கடமைகளைச் செய்துவந்தால் மூன்று ஆண்டில் விடுதலைக்கு வழி உண்டு. அந்த மூன்று ஆண்டு, தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, அறிக்கை கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. கொடுக்காமல் ஒளிந்தவருக்குக் கணக்கே தொடங்காது. உங்கள் கணவர் தானே மனுப்போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வெளிநாடு போக அனுமதி கேட்க வேண்டும், கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது, சொத்தெல்லாம் இலாகாவின் கைக்குப் போகும். மற்ற கதவுகளைத் தட்டிவிட்டுத்தான் அங்கே போகவேண்டும் என்பேன்.

தட்டவேண்டிய முதல் கதவு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு இல்லை, பினாங்கிலும் கிளை உண்டு. சம்பளச் சிலிப், வாடகை, பால் மாவு வரை கணக்குப் பார்த்து, உங்களால் முடிந்த தொகைக்கு வங்கிகளோடு பேசி ஒரே மாதத் தவணையாக்கித் தருவார்கள். திவாலான பிறகு அந்த வழி அடைபட்டுவிடும், அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன். கையில் 4,300 வருகிறதே, பேச அது போதும். தவணை முடியும்வரை புதுக் கடன் கிடைக்காது, உங்களுக்கு அது நல்லதுதான். வக்கீலோ கணக்காளரோ வைத்துக் கடன்காரர்களோடு ஒப்பந்தம் போடும் வழியும் சட்டத்தில் உண்டு, ஆனால் அதற்குச் செலவாகும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது அந்தக் கடிதங்களை எடுத்து, இருவரும் சேர்ந்தே பிரியுங்கள். தேதிவாரியாக அடுக்குங்கள். "சம்மன்" என்றோ "மஹ்கமா" (நீதிமன்றம்) என்றோ எதிலாவது இருந்தால், அந்தத் தேதியை மட்டும் எனக்கு உடனே எழுதுங்கள்.