காட்டோரப் பாதையில் கிராவல் சைக்கிள்: காற்று, முள், அனுமதி

கேள்வி: திருப்பத்தூரில் இருக்கிறேன். வயது 36, எடை 74 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் கிராவல் சைக்கிள், அதாவது சரளை, மண் பாதைக்கான சைக்கிள் வாங்கினேன். 700×40 டயர், உள்ளே டியூப். ஜவ்வாது மலையின் காட்டுப் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஆனால் மண் பாதையில் இறங்கிய முதல் வாரமே மூன்று பங்ச்சர். டயரில் 70 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பதால் அவ்வளவு காற்று அடித்துத்தான் ஓட்டுகிறேன். டியூப்லெஸ் ஆக்கினால் தீருமா? காட்டுக்குள் ஓட்ட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: முதலில் காற்றைக் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் 70 என்பது அது தாங்கும் உச்ச அளவு. அவ்வளவு அடிக்கச் சொல்லி யாரும் அங்கே எழுதவில்லை. கல்லென்று இறுகிய டயர் ஒவ்வொரு சரளையிலும் துள்ளும். அந்தத் துள்ளலைக் கையும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும், மிதித்த பலத்தில் ஒரு பகுதி அதிர்விலேயே கரையும், வளைவில் பிடிமானமும் போகும். உங்கள் எடைக்கு, 40 மி.மீ. டயரில் டியூப் இருக்கும்போது முன்னால் 38, பின்னால் 42 என்று தொடங்குங்கள். டியூப்லெஸ் ஆனால் முன்னால் 30, பின்னால் 33 போதும். அங்கிருந்து ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து உங்கள் அளவைக் கண்டுபிடிக்கலாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இதைக் கணிக்க முடியாது. அளவுமானி உள்ள பம்ப் ஒன்று வேண்டும்.

பங்ச்சரான டியூபைத் தூக்கி எறிந்துவிட்டீர்களா? இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை, பாம்பு கடித்த மாதிரி இருந்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காற்று குறைவு என்று அர்த்தம். ஊசி முனை அளவில் ஒரே துளை என்றால் முள். 70 அடித்து ஓட்டிய உங்களுக்கு நசுங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றும் முள்ளாகத்தான் இருக்கும்.

நம் ஊர் மண் பாதையின் உண்மையான எதிரி முள்தான். சிறுத்தையைப் பற்றிக் கேட்பவர்கள் நெருஞ்சியைப் பற்றிக் கேட்பதில்லை! மழைக்குப் பிறகு பாதை ஓரத்தில் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்து கிடக்கும் அந்தச் செடி காய்ந்தபின் காய் பிளந்து உதிரும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். மனிதர் நடக்காத ஓரத்திலும், இரண்டு சக்கரத் தடத்துக்கு நடுவிலுள்ள புல் மேட்டிலும்தான் அது அதிகம். ஆகவே டிராக்டரும் மாட்டு வண்டியும் அமுக்கிய தடத்தை விட்டு விலகாதீர்கள். யாருக்காவது வழி விட வேண்டுமென்றால் ஓரத்தில் ஓட்டாமல் இறங்கி நில்லுங்கள். இன்னொன்று சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டி ஏற்றிப்போன வண்டியின் பின்னாலேயே முள் சிதறிக் கிடக்கும். புதிதாக வெட்டிய அடிமரங்கள் கண்ணில் பட்டால் அந்த நூறு அடியைச் சைக்கிளைத் தோளில் போட்டுக் கடந்துவிடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது டியூப்லெஸ். ஆம், மாற்றுங்கள். நெருஞ்சிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ரிம், டயர் இரண்டும் டியூப்லெஸுக்கு ஏற்றவைதானா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரத்துக்குச் சுமார் 80 மில்லி சீலன்ட் போதும். பெரும்பாலும் ரப்பர் பால்தான் அது. சிறு துளையில் பீய்ச்சி உறைந்து அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். இதை மறந்தவர்கள்தான் டியூப்லெஸ் ஏமாற்றிவிட்டது என்கிறார்கள். சீலன்ட் அடைக்காத பெரிய துளைக்கு, கார் டயருக்குப் போடுவதுபோல ரப்பர் திரி செருகும் சிறு கருவி ஒன்றைப் பையில் வையுங்கள்.

டியூப்லெஸ் ஆனாலும் மாற்று டியூப் ஒன்று கையில் இருக்கட்டும். அதைப் போடும் நிலை வந்தால், போடும் முன் டயரின் உட்புறம் முழுவதையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீலன்ட் அடைத்துப் பிடித்திருக்கும் முட்கள் அங்கே பத்தும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். எல்லாவற்றையும் பிடுங்காமல் டியூபைத் திணித்தால் காற்று அடித்த நிமிடமே போய்விடும். கிராமத்துப் பங்ச்சர் கடையை நம்பியும் போக முடியாது. அங்கே கிடைக்கும் 28×1½ டியூபின் தடித்த வால்வு, உங்கள் ரிம்மில் இருப்பது பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வுக்கான துளையானால் நுழையவே நுழையாது. ஆனால் அந்தக் கடையில் காற்று அடிக்கலாம். அதற்குப் பிரெஸ்டாவை மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் சிறு பித்தளை அடாப்டர் வேண்டும். சில பத்து ரூபாய் சமாச்சாரம். வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். இதில் வளைத்துப் பேச விரும்பவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அது 1882இலிருந்து இருக்கும் சட்டம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மலைவாழ் மக்கள் நடக்கும் தடம் என்பதாலேயே அது நமக்கும் பொது வழி ஆகிவிடாது. அவர்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமை உண்டு, நமக்கு இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பிறகு விதிகள் இன்னும் இறுகிவிட்டன. 2024இல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளும் வழிகாட்டியோடு நடப்பவர்களுக்கானவை. சைக்கிளுக்கு அல்ல.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் கால் வைக்காமலே ஓட்டுவதற்கு நிறைய இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் பொதுச் சாலை காட்டை ஒட்டியே ஏறுகிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். ஏறும்போதே காற்று மாறுவது தெரியும். அந்தத் தார்ச் சாலையிலிருந்து சாமை வயல்களுக்கு நடுவே குக்கிராமங்களுக்குப் பிரியும் மண் பாதைகள்தாம் உங்களுக்கானவை. ஊரை ஊரோடு இணைக்கும் பாதையா, காட்டுக்குள் போய் முடிந்துவிடும் பாதையா என்று டீக்கடையில் கேளுங்கள். செல்போன் வரைபடத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. சந்தேகம் வந்தால் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே போங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை இலை உதிர்ந்து காடு காய்ந்து கிடக்கும் தீக்காலம். அப்போது காட்டோரமும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் மாதம் மலைக்கே போகாதீர்கள். நம் ஏரிக்கரைகளைப் போல நல்ல கிராவல் பாதை வேறெங்கே இருக்கிறது? ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், வண்டித் தொல்லை இல்லை. மார்கழியிலும் தையிலும் மண் இறுகி அருமையாக இருக்கும். தளர்ந்த சரளையில் பின் சக்கரம் வழுக்கும்போது பதறாமல் மிதித்துக்கொண்டே இருக்க அங்கேதான் பழக முடியும்.

மலை ஏறத் தொடங்கும்போது கியரைப் பாருங்கள். முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிடப் பின்பக்கப் பெரியதன் எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் செங்குத்தான மண் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பீர்கள், பின் சக்கரம் பிடி இழந்து சுற்றும். இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடியுங்கள், அங்கிருந்துதான் பிரேக்கில் முழு பலம் கிடைக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். சரளை வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சரிந்துவிடும்.

சைக்கிள் சத்தமில்லாத வண்டி. நமக்கு அது இன்பம், விலங்குக்கு அது அதிர்ச்சி. நீங்கள் வருவது தெரியாமல் திடீரென்று எதிர்ப்பட்டால் கரடி திருப்பித் தாக்கும். பார்வை மறையும் வளைவுதோறும் மணி அடியுங்கள். நன்றாக விடிந்தபின் ஏறி, சாயங்காலம் ஆகுமுன் இறங்கிவிடுங்கள். ஊர் நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

வீடு திரும்பிய இரவு, சக்கரத்தை மெல்லச் சுற்றி டயரின் மேற்பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். பாதி இறங்கிய முள் நாலைந்தாவது கண்ணில் படும். குறடால் பிடுங்கி, சீலன்ட் அந்த இடத்துக்கு வரும்படி துளையைக் கீழே வைத்துச் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.